படம்: தணிகாசலம், ஓவிய ஆசிரியர்

"அவர் படுத்திருக்காரும்மா. நாலு மணிக்கு எழுந்து டீ குடிச்சிட்டு அவரே கூப்பிடுவார்" என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்தபோது மணி மூன்று ஐந்து. பூங்கோதை போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் கூப்பிடுவது தெரியாதே என்று உடனே நிமிர்த்தி வைத்தாள். ஐம்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது. அதற்குள் ரஷீதுக்குத் தர வேண்டிய பட்டியலை முடித்துவிடலாம், மதகுப் படங்களுக்கு அனுமதி கேட்டு இரண்டு கடிதம் எழுதிவிடலாம், ஒன்றும் இல்லாவிட்டால் காலையில் கட்டி வந்த எலுமிச்சை சாதத்தைத் திறந்து சாப்பிடவாவது செய்யலாம். எதற்கும் கை போகவில்லை. கீழ்மாடி டப்பிங் தியேட்டரில் எவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். கோடம்பாக்கத்தில் இந்தக் கட்டடத்துக்கு வந்த எட்டு வருஷத்தில் அழுகை, சண்டை, பிரசவ வலி எல்லாம் தரை வழியாகக் கேட்டுப் பழகிவிட்டது. இன்று சிரிப்பு. திரையில் ஒருத்தி வாயைத் திறக்கிறாள் போலிருக்கிறது, அந்த வாய்க்குள் பொருந்துகிற மாதிரி இவள் சிரிக்க வேண்டும். சிரித்தாள், நிறுத்தினாள், யாரோ ஏதோ சொன்னார்கள், திரும்பவும் அதே இடத்திலிருந்து தொடங்கினாள். ஏழாவது தடவையோ எட்டாவதோ. பாவம் என்றிருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. சரியாக வராவிட்டால் இன்னொரு முறை சிரிக்கச் சொல்கிறார்கள். அச்சுக்குப் போய்விட்டதை யார் இன்னொரு முறை, சரி, இப்போது அது வேண்டாம். மணி மூன்று ஏழு.

கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் படம் தேடுகிற வேலை என்பாள். போட்டோகிராபரா என்பார்கள். இல்லை, மற்றவர்கள் எடுத்த படத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறவள். அதற்கெல்லாமா ஆள் என்று கேட்பவர்களும் உண்டு, கூகுளில் வராதா என்பவர்களும் உண்டு. வராது. அவளுக்கு வேண்டியவை கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கையிலும் பள்ளிக்கூட நூற்றாண்டு மலரிலும் எப்போதோ மூடிய ஸ்டூடியோவின் பரணிலும் கிடக்கின்றன, பூச்சி உருண்டை வாசனையோடு, ராமபாணப் பூச்சி தின்ற ஓரங்களோடு. படத்தை முதலில் அவள் முன்பக்கம் பார்ப்பதில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள். ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா, பென்சிலில் தேதி இருக்கிறதா. முகம் பொய் சொல்லும், முதுகு சொல்லாது என்று ரஷீதிடம் ஒருமுறை சொல்லப்போக, அதை அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ரஷீத் இந்தக் கம்பெனியை நடத்துகிறவர். ஆவணப்படம் எடுப்பார், கல்யாண வீடியோ எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பார். இப்போது எடுப்பது வடமாவட்டத்து ஏரிகளைப் பற்றி. அதில் நெடுங்கரை ஏரி உடைந்த கதை ஒரு பத்து நிமிஷம் வருகிறது. பேசுவதற்கு ஆட்கள் கிடைத்தார்கள், காட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு மாதம் தேடி, போன வாரம்தான் பாசன விவசாயிகள் சங்கத்து வெள்ளிவிழா மலரில், உர விளம்பரத்துக்கும் நன்றியுரைக்கும் நடுவே அந்தப் படத்தைக் கண்டாள். கரை பிளந்து கிடக்கிறது. வெள்ளம் போகிறது. உடைப்பை அடைக்க ஜனங்கள் முள்ளும் பனைமரத் துண்டும் மண்மூட்டையும் கைமாற்றிக் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் ஒரு பெண் வீட்டுக் கதவைப் பெயர்த்துத் தலைமேல் தூக்கி வருகிறாள். கதவில் மஞ்சள் பூசிய அடையாளம் கறுப்பு வெள்ளையிலும் தெரிகிறது. அவள் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். இந்த நேரத்தில் படமா எடுக்கிறாய், வந்து ஒரு கை பிடியேன்டா என்கிற பார்வை. பூங்கோதை நூலக மேசையில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பதினெட்டு வருஷ வேலையில் இப்படி ஒரு படம் மூன்றோ நாலோதான் அகப்படும். பிறகுதான் அடியில் பொடி எழுத்தைப் படித்தாள். படம்: தணிகாசலம், ஓவிய ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, நெடுங்கரை.

தணிகாசலம் என்று நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் அவளுக்குத் தெரியும். ஒரு கடித உறையின் மூலையில் அனுப்புநர் என்ற சொல்லுக்குக் கீழே அதைப் படித்திருக்கிறாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாரப் பத்திரிகையில் படப் பிரிவில் இருந்தபோது. வினாத்தாள் வெளியான வழக்கில் தெற்கே ஒரு மாவட்டத்தில் தணிகாசலம் என்ற ஆசிரியரைக் கைது செய்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, பக்கம் மூடும் நாள். கட்டுரை வந்துவிட்டது, படம் வரவில்லை. நிருபர்களுக்கெல்லாம் போன் போட்டாள். தணிகாசலம்னு ஒரு வாத்தியார் படம் வேணும், இருக்கா? யாரோ ஒருவர், பெயர் இப்போது ஞாபகமில்லை, அரைமணியில் அனுப்பினார். ஆசிரியர் தின விழாவில் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். பெயர் சரி. வேலை சரி. மாவட்டத்தைக் கேட்டாளா? கேட்கவில்லை. கேட்க ஒரு வாக்கியம் போதும், எந்த ஊர் தணிகாசலம் என்று மூன்று சொல். அந்த மூன்று சொல்லைப் பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், குளிக்கும்போது, பஸ்ஸில், மகளின் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது. லேஅவுட் பார்த்தவர், சால்வையோட இருந்தா நல்லவன் மாதிரி இருக்காரே என்றார். அவள்தான் கழுத்தோடு வெட்டினாள். சால்வை போனதும் அந்த முகத்தின் சிரிப்பு கள்ளச் சிரிப்பாகிவிட்டது. அதைப் பார்த்து, ஆமாம், இப்போது சரியாக இருக்கிறது என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது. அந்த நினைப்புதான் தப்பைவிடப் பெரிய தப்பு. பத்து நாளில் கடிதம் வந்தது. அச்சடித்தாற்போன்ற கையெழுத்து, ஓவிய வாத்தியார் கையெழுத்து. திட்டு இல்லை, வழக்குப் போடுவேன் என்று இல்லை. படத்தில் இருப்பவன் நான், செய்தியில் இருப்பவன் நானல்ல, ஆவன செய்ய வேண்டுகிறேன். அவ்வளவுதான். ஆசிரியர் குழுவில் பதில் எழுத வேண்டாம் என்றார்கள். பிறகு ஒரு இதழில், ஜாதகப் பக்கத்துக்குக் கீழே, இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். அதைப் படித்தவர் அவளும் பிழை திருத்துபவரும் மட்டுமாக இருக்கும். யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. ஒரு நாள் முழுக்க நிற்க வைத்துத் திட்டியிருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும்.

ரஷீத் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். "என்ன, கதவுக்காரம்மா படம் ஓகேவா?" அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் அது.

"நாலு மணிக்குக் கூப்பிடறாங்க."

"நெகட்டிவ் இருக்குமா? மலர்ல இருக்கறத ஸ்கேன் பண்ணா புள்ளி புள்ளியா வருது. அவர் மாட்டேன்னா அந்தப் பத்து நிமிஷத்தயே தூக்க வேண்டியதுதான்." பிறகு அவளைப் பார்த்தார். "உடம்பு சரியில்லயா?"

"சாப்பிடல."

"சாப்பிடுங்க மொதல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவரிடம்கூடச் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள், அவர் இதுக்கெல்லாமா என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மணி மூன்று இருபத்தாறு. சொல்லாமலே இருந்துவிடலாம். அதுதான் காலையிலிருந்து காலைச் சுற்றிக்கொண்டிருக்கிற யோசனை, விரட்ட விரட்டத் திரும்பி வரும் பூனை மாதிரி. அவருக்கு இவள் பெயர் தெரியாது. கடிதம் பத்திரிகைக்கு எழுதியது, அவளுக்கு எழுதியது அல்ல. வணக்கம் சார், ஏரிப் படம் எடுக்கிறோம், உங்கள் பெயரைப் போடுகிறோம், நன்றி சார். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அவருக்கும் சந்தோஷம், ரஷீதுக்கும் சந்தோஷம். ஆறின புண்ணைக் கிளறி அவருக்கு என்ன லாபம்? அவர் மறந்திருப்பார். மறந்திருப்பாரா? தன் முகத்தைத் திருடன் என்று நாடு முழுக்க அச்சடித்ததை ஒரு மனிதன் மறப்பானா? சரி, சொல்வதாக வைத்துக்கொள்வோம். அனுமதி வாங்கிவிட்டுச் சொல்வதா, வாங்குவதற்கு முன்னாலா? வாங்கிவிட்டுச் சொன்னால் அது ஏமாற்று. முன்னால் சொன்னால் படம் போகும், ரஷீதின் பத்து நிமிஷம் போகும், அந்தப் பெண்ணும் அவள் கதவும் மறுபடி உர விளம்பரத்துக்கு அடியில் போய்ப் புதையும். தன் மனசு லேசாக வேண்டும் என்று அடுத்தவர் படத்தைப் பணயம் வைக்கலாமா? இதில் எது நேர்மை, எது நேர்மை மாதிரி வேஷம் போட்ட சுயநலம் என்று பிரித்துப் பார்க்கப் பார்க்க இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பழைய போட்டோக்கள் மாதிரி, பிரித்தால் இரண்டும் கிழியும் போல.

ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தாள். ஐயா வணக்கம், நான் பதினாறு வருடங்களுக்கு முன்பு. அடித்தாள். சார், உங்களுக்கு நினைவிருக்கலாம். அடித்தாள். அவருக்கு நினைவிருக்கலாம் என்பது என்ன வார்த்தை. கீழே சிரிப்பு நின்றுவிட்டிருந்தது, சரியாக வந்துவிட்டது போலிருக்கிறது, அல்லது டீ குடிக்கப் போயிருப்பார்கள். அந்த அமைதியில் ஏசி சொட்டுகிற சத்தம் கேட்டது, அதற்கு அடியில் யாரோ வைத்த பெயிண்ட் டப்பாவில் ட்டொக், ட்டொக் என்று. பேனாவை மூடி வைத்தாள். எதற்குப் பயம்? திட்டுவார் என்றா? திட்டட்டும். அழுதுவிட்டால்? எழுபது வயது மனிதர் போனில் அழுதால் என்ன செய்வது? அதைவிட, பரவாயில்லம்மா, விதி, என்று சொல்லிவிட்டால்? அதுதான் தாங்காது. அந்தத் தப்புக்குப் பிறகு எத்தனை ஆயிரம் முகம் இந்தக் கையால் போயிருக்கும், ஒவ்வொன்றுக்கும் எந்த ஊர், யார் மகன், யார் எடுத்தது, யாரிடம் கேட்டாய் என்று நாலு பேரிடம் கேட்டு, சலித்துப்போகிற அளவுக்குக் கேட்டு. சந்தேகப் பேய் என்று ஆபீசில் பெயர். ஒரு சுதந்திரப் போராட்ட வீரர் என்று வந்த படத்தை அவர் இல்லை, அவர் தம்பி என்று கண்டுபிடித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். இவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கைதட்டு யாருக்குச் சேர வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர்தான் இவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தார், அவருக்கே தெரியாமல், தன் முகத்தைச் செலவழித்து. அப்படி நினைத்ததும் ஏனோ கொஞ்சம் மூச்சு வந்தது. அதைச் சொல்லலாமா? கூடாது. அது அவர் தலையில் நன்றியைக் கட்டுகிற மாதிரி ஆகும். வெறுமனே, தப்பு நான் செய்தது என்று மட்டும்.

போன் அடித்தது. மணி நாலுகூட ஆகவில்லை, மூன்று ஐம்பத்திரண்டு. அவள் எழுதிவைத்த தாளைத் தேடினாள், அது கையிலேயே இருந்தது, அதில் எல்லாம் அடித்திருந்தது.

"யாரோ கூப்பிட்டீங்கன்னு வீட்ல சொன்னாங்க. தணிகாசலம் பேசறேன்." வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"வணக்கம் சார். என் பேர் பூங்கோதை. சென்னையிலருந்து பேசறேன். நெடுங்கரை ஏரி உடைஞ்சப்ப நீங்க எடுத்த ஒரு படம், மலர்ல பாத்தேன் சார். அத ஒரு ஆவணப்படத்துல வைக்கலாமான்னு கேக்கத்தான்..." இங்கே நிறுத்தினால் போதும். இங்கேயே நிறுத்திவிடலாம். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார். வினாத்தாள் கேஸ்ல உங்க படத்தத் தப்பாப் போட்டாங்கல்ல, அந்தப் பத்திரிகையில. அதப் போட்டது நான்தான்."

 அந்தப் பக்கம் எங்கோ ஒரு டம்ளர் வைக்கிற சத்தம். ஒரு கோழி.

"நீங்களா" என்றார். கேள்வியாக இல்லை. பிறகு, "அதுல சால்வைய வெட்டினது?"

"அதுவும் நான்தான் சார்."

"ம்." மறுபடி டம்ளர் சத்தம். "எனக்குப் போட்ட ஒரே சால்வைம்மா அது. பட்டுகூட இல்ல, பாலியஸ்டர்." சிரித்தாரா, செருமினாரா, தெரியவில்லை. "எங்க ஊர்ல ஒருத்தனும் நம்பல, தெரியுமா? அந்தப் புத்தகத்தக் கடையில வாங்கிட்டு வந்து என்கிட்டயே காட்டி, சார், எவனோ உங்க படத்தத் திருடிப் போட்டுட்டான்னு சிரிச்சானுங்க. வெளியூர்தான் கஷ்டம். என் பொண்ணுக்குப் பேசி முடிச்ச எடம் கலைஞ்சு போச்சு. அவங்க மாமா அந்தப் புத்தகம் படிக்கிறவராம். நாங்க போய் எவ்வளவோ சொன்னோம்."

  இது பூங்கோதைக்குத் தெரியாது. பதினாறு வருஷம் எத்தனையோ கற்பனை செய்திருக்கிறாள், இந்த ஒன்றைச் செய்ததில்லை. அவள் கற்பனையில் எப்போதும் அவர் மட்டுமே இருந்தார், கழுத்தோடு வெட்டிய ஒரு தலை. பக்கத்தில் ஒரு பெண் இருந்ததை அவள் அங்கேயும் வெட்டிவிட்டிருந்தாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வேற எடம் வந்துது. நல்லாத்தான் இருக்கா. ரெண்டு பசங்க" என்றார். "அதுக்காகச் சொல்லல. நடந்தது நடந்ததுதான, அதச் சொல்லணும்ல."

"சொல்லணும் சார். மன்னிச்சுக்கங்கன்னு கேக்கக்கூட..."

"அது போன்ல குடுக்கற சமாச்சாரம் இல்லம்மா." குரல் கடுமையாக இருந்தது. அந்தக் கடுமை அவளுக்கு, ஆச்சரியமாக, ஆறுதலாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிடவில்லை. இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, இவள் இதில் இருக்கிறாள், இனி ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை.

"படம் குடுக்கலன்னாலும் பரவால்ல சார். அதுக்காகச் சொல்லல."

"குடுக்கமாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" என்றார். "எந்தப் படம், கதவா?"

"ஆமா சார்."

"அவ பேரு பொன்னுருவி. என்னைக் கண்டபடி திட்டினா. போட்டோவா புடிக்கற, கட்டையில போறவனேன்னு. அப்பறம் கேமராவக் கரைமேல ஒரு கல்லுல வச்சிட்டு நானும் எறங்கிட்டேன். முப்பத்தாறு எடுக்கற ரோல்ல பதினோரு படம்தான் இருக்கும். அதுல ஒண்ணத்தான் மலர்ல போட்டானுங்க, அதுவும் நல்லது இல்ல. நல்லது வேற இருக்கு. இத்தன வருஷத்துல ஒருத்தரும் வந்து கேக்கல." சொல்லச் சொல்ல அவர் குரல் மாறிக்கொண்டு வந்தது, இவளைத் தாண்டி அந்தக் கரையைப் பார்க்கிற குரல். "நெகட்டிவெல்லாம் பத்திரமா இருக்கு, நானே கழுவினது. தபால்ல அனுப்பமாட்டேன். நீங்க நேர்ல வாங்க. படத்தப் பாருங்க. பேச வேண்டியதப் பேசுவோம். எம் பொண்ணும் சனிக்கிழம வருவா. அவளும் ஏதாச்சும் சொல்லுவா, கேட்டுக்கணும்."

"கேட்டுக்கறேன் சார்."

"பயமா இருக்கா?"

"இருக்கு சார்."

"இருக்கட்டும். வாங்க."

அடித்த தாளைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அரக்கோணம் வரைக்கும் ரயில். அங்கிருந்து நெடுங்கரை பஸ், முக்கால் மணிக்கு ஒன்று, கூட்டமாக இருக்கும். ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கக்கூடாது, அடுத்த ஸ்டாப். இறங்கி இடது கைப்பக்கம் ரைஸ் மில். ஒவ்வொன்றையும் சொல்லி நிறுத்தி, அவள் எழுதி முடித்தாளா என்று கேட்டுக்கொண்டு மேலே போனார். கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போல. ரஷீத் கதவருகே வந்து புருவத்தால் என்ன என்று கேட்டார். பேனா பிடித்த கையையே உயர்த்தி, பொறுங்கள் என்றாள்.

"மில்லுக்குப் பக்கத்துல வந்துட்டு எப்படிக் கேக்கட்டும் சார்? டிராயிங் மாஸ்டர் வீடுன்னா தெரியுமா?"

"பேரச் சொல்லியே கேளும்மா" என்றார் தணிகாசலம். "இந்த ஊர்ல அந்தப் பேருல நான் ஒருத்தன்தான்."